சோம்பேறி மரங்கள் வெட்டப்பட்ட வரலாறு

தமரியா நாட்டை வரைபடத்தில் தேடுபவர்கள் கண்ணைக் கெடுத்துக்கொள்வதுதான் மிச்சம். மூன்று பக்கம் மணல், ஒரு பக்கம் உப்பு ஏரி, நடுவில் ஒரு கிணறு, கிணற்றைச் சுற்றி ஆயிரம் பேரீச்ச மரங்கள். நாடு அவ்வளவுதான். அதற்கு ஓர் அமீர் இருந்தார். அமீருக்கு ஒரு வஜீர், வஜீருக்கு ஒரு பதிவாளர். மற்றவர்கள் எல்லாரும் மரம் ஏறினார்கள்.

அங்கே எதை எடுத்தாலும் பேரீச்சைதான். விருந்தாளி வந்தால் முதலில் பழத்தட்டை வைப்பார்கள், பிறகுதான் பெயர் கேட்பார்கள். சண்டை போட்ட இருவர் சமாதானமானால் ஒரே பழத்தைப் பாதிப்பாதியாகக் கடிப்பார்கள். குழந்தை பிறந்தால் தாய்ப்பாலுக்கு முன்பே ஒரு பழத்தை மென்று அதன் நாவில் தடவுவார்கள். அந்தப் பழத்தின் விதையைப் பதிவாளரிடம் கொண்டுபோனால் அவர் அதில் ஊசியால் ஓர் அடையாளம் கீறி, பதிவேட்டில் பெயர் எழுதி, விதையைத் தோல் பையில் போட்டுக் கொடுப்பார். பிறப்பு விதை என்று அதற்குப் பெயர். அதைச் சாகும்வரை கழுத்தில் கட்டியிருக்க வேண்டும்.

கழுத்தில் விதை இருந்தால் அவர் குடிமகன். கிணற்று நீர் குடிமக்கள் அனைவருக்கும் சமபங்கு. தினமும் காலையில் பையை அவிழ்த்து விதையைக் காட்டிவிட்டுக் குடத்தை நிரப்பிக்கொள்ளலாம். விதை இல்லாதவர் வெளியார். வெளியாருக்கு விருந்தாளி என்ற முறையில் மூன்று நாள் தண்ணீர் உண்டு. நான்காம் நாள் மணல்தான்.

தேர்தலும் விதையில்தான் நடந்தது. ஐந்து அறுவடைக்கு ஒருமுறை மைதானத்தில் இரண்டு ஜாடிகள் வைப்பார்கள். வெள்ளை ஜாடி ‘இவரே இருக்கட்டும்’. கறுப்பு ஜாடி ‘இவர் போதும்’. மக்கள் அந்த ஆண்டுப் பழம் ஒன்றைத் தின்றுவிட்டு, விருப்பப்பட்ட ஜாடியில் விதையைப் போடுவார்கள். எண்ணி முடித்ததும் இரண்டு ஜாடி விதைகளையும் அரைத்து ஒட்டகங்களுக்கு வைத்துவிடுவது விதி. மக்கள் தீர்ப்பை ஜீரணிக்கக்கூடியது ஒட்டகம் மட்டும்தான் என்று அந்த ஊரில் கேலியாகச் சொல்வார்கள்.

அமீர் கஸ்வானின் நான்காம் ஆண்டில் கிணற்று நீர் இறங்கத் தொடங்கியது. அரண்மனையில் புதிதாக மூன்று நீரூற்றுகள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தன. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று எவனும் வாயைத் திறக்கவில்லை. ஆனாலும் யாராவது குற்றவாளி வேண்டுமே. பதிவாளர் ஹர்பூஷ் பதினேழு நாள் தோப்பில் அலைந்து, வியர்வை வழியக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார்.

“அமீர் அவர்களே, நம் ஆயிரம் மரங்களில் முப்பது மரங்கள் பிறந்த நாள் முதல் ஒரு பழமும் காய்த்ததில்லை. மற்ற மரங்களுக்குச் சமமாகத் தண்ணீர் மட்டும் குடிக்கின்றன.”

சபை திடுக்கிட்டது. வஜீர் முத்லக் எழுந்து தாடியைத் தடவினார். “இத்தனை காலமும் இந்த முப்பது மரங்களை நம் காய்க்கும் மரங்களின் உழைப்பில் தின்னவிட்டது யார்? முந்தைய அமீர்கள். இதைப் பொறுத்துக்கொண்டிருப்பவர் அல்லர் நம் அமீர்.”

சபையின் கடைசி வரிசையில் உபைத் நின்றிருந்தான். பாளை கட்டுவது அவன் தொழில். காய்க்காத மரத்தின் பாளையை அறுத்து, மாவு உதிரும் அதன் பூச்சரத்தைக் காய்க்கும் மரத்தின் பாளைக்குள் செருகி நாரால் கட்டுவான். ஆண்டுதோறும் ஆயிரம் மரத்துக்கும் அவனைப் போன்ற பன்னிரண்டு பேர்தான் அதைச் செய்தார்கள். அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை. அன்றைக்குப் பேசினான்.

“எசமான், அது ஆம்பள மரம். அது காய்க்காதுதான். ஆனா அது பூவ கொண்டுபோய் வைக்காம மத்தது ஒன்னும் காய்க்காது.”

“அதாவது, காய்க்காத மரத்தால்தான் காய்க்கும் மரம் காய்க்கிறது என்கிறாய்,” என்றார் வஜீர்.

“ஆமா எசமான்.”

“தூங்குகிறவனால்தான் உழைக்கிறவன் உழைக்கிறான் என்கிறாய்.”

சபை விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்தவர்களில் ஒருவரும் பிறந்தது முதல் அன்றுவரை மரம் ஏறியதில்லை. முப்பது மரங்களும் ஒரே வாரத்தில் வெட்டப்பட்டன. அந்தத் தண்டுகளைக் கொண்டு அமீர் பேசுவதற்கு ஒரு மேடை கட்டினார்கள். அவர் அதில் ஏறி நின்று முதலில் பேசியது சோம்பேறித்தனத்தை எதிர்த்துத்தான்.

வீட்டுக்கு வந்து உபைத் நடந்ததைச் சொன்னான். அவன் மனைவி ஜுவைரியா கலயத்தைத் துலக்கிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து அவள் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியிருந்தது. பழம் பழுக்கிற காலத்தில் பிரசவம் என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள்.

“அப்ப எம்புள்ள நாக்குல எதத் தடவுறது? அமீரோட பேச்சையா?” என்று கேட்டாள்.

உபைத்துக்குப் பயம் இருந்தது. பாளை கட்டுகிறவனுக்குத்தான் அது எவ்வளவு சரியான கேள்வி என்று தெரியும்.

பாளை கட்டுவோருக்கு இனி வேலையில்லை. ஆனால் அவர்களைச் சும்மா விடுவது அமீரின் கருணைக்கு அழகல்லவே. ‘மரங்களை ஊக்குவிப்போர்’ என்று புதிய பதவி உண்டாக்கப்பட்டது. ஒவ்வொருவரும் ஒரு மரத்தடியில் நின்று அமீரின் உரையை நாளொன்றுக்கு மூன்று முறை மரத்துக்குப் படித்துக் காட்ட வேண்டும். “மரமே, உன் வேர் நம் மண்ணில் உள்ளது, உன் கடமையை உணர்” என்று அது ஆரம்பிக்கும். முடிய ஒரு நாழிகை ஆகும்.

பெண் மரங்களில் பாளைகள் வெடிக்கத் தொடங்கின. உபைத்துக்கு நிலைகொள்ளவில்லை. வெடித்த பாளை நாலைந்து நாள்தான் தாங்கும். அதற்குள் பூ வைக்காவிட்டால் அந்த ஆண்டு போயிற்று. உட்கார்ந்தால் எழுந்தான், எழுந்தால் நடந்தான். சோற்றில் கை வைத்தபடி அண்ணாந்து பார்த்தான். தோப்பு முழுக்க மனிதர்கள் அப்படித்தான் அண்ணாந்துகொண்டே திரிந்தார்கள், ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள். எதற்குப் பார்க்கிறோம் என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

“மரம் என்ன சொல்லுது?” என்று ஜுவைரியா கேட்டாள்.

“கேட்டுக்கிட்டு நிக்குது.”

“நீங்களும் அதுவும் ஒன்னு. கூரையில துணியில கட்டித் தொங்குதே, போன வருஷத்துப் பூமாவு, அது எதுக்கு? பாத்துக்கிட்டே இருக்கவா?”

அது ஒரு மரத்துக்குத்தான் காணும். மறுநாள் காலை உரை படிக்கும் நேரத்தில் உபைத் துணி முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டு, வீட்டு வாசல் மரத்தில் கயிறு போட்டு ஏறினான். பாளைக்குள் மாவைத் தூவிக் கட்டிக்கொண்டிருந்தபோது கீழே பதிவாளர் ஹர்பூஷ் வந்து நின்றார்.

“மேலே என்ன செய்கிறாய்?”

“கீழ நின்னு படிச்சா மரத்துக்கு கேக்கல எசமான். அதுக்கு தலை மேலதான இருக்கு.”

ஹர்பூஷ் யோசித்தார். அவர் கெட்டவர் அல்லர். எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே செய்கிறவர், அவ்வளவுதான். அதனால்தான் எல்லாரும் அவருக்குப் பயந்தார்கள். உபைத்தின் கடமையுணர்வைப் பாராட்டி அவர் அமீருக்கு ஓர் ஓலை அனுப்பினார். மறுநாளே எல்லா ஊக்குவிப்போரும் மரத்தின் உச்சியில் இருந்தபடி உரையைப் படிக்க வேண்டும் என்று ஆணை வந்தது. ஒரு கையில் உரையைப் பிடித்துக்கொண்டு மரம் ஏறினால் என்ன ஆகும்? இருவர் கால் முறிந்து படுத்தார்கள். அவர்களுடைய மரங்கள் போதிய ஊக்கமின்றிப் போனதாகப் பதிவாயிற்று.

கோடை வந்தது. பழங்களும் வந்தன, பழம் என்று சொல்லலாமானால். காம்புக்கு மூன்றாக ஒட்டிக்கொண்டு, சுண்டுவிரல் நுனியளவில், பழுக்காமல், இனிக்காமல், வெறும் சக்கையாக. கடித்தால் உள்ளே விதை இல்லை. ஊரார் பறித்துப் பார்த்த ஒரு மரத்திலும் இல்லை. ஜனங்கள் மேடைக்கு முன்னால் கூடினார்கள். முணுமுணுப்பு பெரிதாகிக்கொண்டே போனது.

வஜீர் முத்லக் மேடையேறி ஒரு காயை உயர்த்திப் பிடித்தார்.

“உலகில் எந்த நாடும் சாதிக்காததை நம் அமீர் சாதித்திருக்கிறார். விதையில்லாப் பேரீச்சை! நம் முன்னோர்கள் பல்லை உடைத்துக்கொண்டார்கள். இனி எவர் பல்லும் உடையாது.”

பக்கத்தில் நின்ற தம்பட்டக்காரர்கள் தம்பட்டம் அடித்தார்கள். சத்தம் வந்துவிட்டால் சிலர் கை தட்டத்தான் செய்வார்கள். கை தட்டியவர்களைப் பார்த்து மற்றவர்கள், தங்களுக்குத்தான் ருசி தெரியவில்லையோ என்று சந்தேகப்பட்டு இன்னொரு காயை வாயில் போட்டுப் பார்த்தார்கள்.

அடுத்த வாரமே ஒரு சட்டம் வந்தது. பழைய பழத்தை வீட்டில் வைத்திருப்பது புதிய பழத்தை அவமதிப்பதாகும். போன ஆண்டுப் பழங்கள் அனைத்தையும் அரண்மனையில் ஒப்படைக்க வேண்டும். விதை என்பது ஒரு நோய், எங்கு கண்டாலும் அறிவிக்க வேண்டும். பானை பானையாகப் பழங்கள் அரண்மனைக்குப் போயின. அங்கே அந்த நோயை ஒவ்வொரு நாளும் உணவுக்குப் பின் அழித்தார்கள்.

பழம் இல்லாமல் பிறப்புகள் நிற்குமா? அந்தக் கோடையில் பதினொரு குழந்தைகள் பிறந்தன. விதையில்லாக் காயை மென்று நாவில் தடவினார்கள். குழந்தைகள் முகத்தைச் சுளித்தன. பதிவாளரிடம் போனால் அவர் கையை நீட்டினார்.

“விதை எங்கே?”

“இந்த வருசப் பழத்துல விதையே இல்லையே எசமான். வஜீர்தான சாதனைன்னு சொன்னாரு?”

“சாதனை சாதனைதான். சட்டம் சட்டம்தான். விதை இல்லையேல் பெயர் இல்லை.”

பதினொரு குழந்தைகளும் மூன்று நாள் விருந்தாளிகளாக இருந்து, நான்காம் நாள் வெளியாரானார்கள். தாய்மார்கள் தங்கள் பங்குத் தண்ணீரில் அவர்களைக் குளிப்பாட்டினார்கள், பிறகு குளிப்பாட்டுவதை நிறுத்தினார்கள். ஜுவைரியா நிறைமாத வயிற்றோடு அந்த வீடுகளுக்குப் போய்ப் போய் வந்தாள். வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை, போன இடத்திலும் உட்கார முடியவில்லை. வாசல் மரத்தில் மட்டும் ஒரு குலை, ஓலை மறைவில், கொழுத்துத் தேன் நிறத்தில் பழுத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தாலும் பயமாக இருந்தது, பார்க்காவிட்டாலும் பயமாக இருந்தது.

உபைத் குலையை இறக்கிய அன்றே பதிவாளர் வந்துவிட்டார். ஈக்கள் காட்டிக்கொடுத்துவிட்டன. ஊரில் ஈ மொய்க்கிற பழம் அந்த ஒரு வீட்டில்தான் இருந்தது.

“இது விதை நோய் கண்ட குலை,” என்று அறிவித்துவிட்டு ஹர்பூஷ் ஒரு பழம் விடாமல் கூடையில் அள்ளினார். “அம்மணி, வேறெங்கும் உண்டா?”

ஜுவைரியா தலையை ஆட்டினாள், இல்லை என்று.

“வாயால் சொல்ல வேண்டும்.”

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினாள். ஊரறிந்த வாயாடியான பெண் ஒரு வார்த்தை பேசாமல் நிற்பதைப் பார்த்து, வலி கடுமைதான் போலிருக்கிறது என்று ஹர்பூஷ் மரியாதையாக வெளியேறினார். அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் அவள் கன்னத்தில் அதக்கியிருந்த பழத்தை முழுசாகக் கையில் எடுத்தாள்.

“போய்ட்டாரா?” என்றாள். “இப்ப நெசமாவே வலிக்குது. மருத்துவச்சியக் கூப்பிடுங்க.”

பெண் குழந்தை பிறந்தது. லீனத் என்று பெயர் வைத்தார்கள். உபைத் பழத்தை மென்று அதன் நாவில் தடவியபோது குழந்தை சப்புக் கொட்டியது. அவன் அழுதான். எட்டு மாதமாக அடைத்துக்கொண்டிருந்தது அப்படியே வந்துவிட்டது. விதையை எடுத்துக்கொண்டு பதிவாளரிடம் ஓடினான்.

ஹர்பூஷ் விதையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது நோய் என்று ஒரு சட்டம் சொன்னது. அது பெயர் என்று இன்னொரு சட்டம் சொன்னது. எது மூத்த சட்டமோ அதுவே செல்லும் என்று மூன்றாவது சட்டம் ஒன்று இருந்தது. ஊசியை எடுத்து அடையாளம் கீறி, பதிவேட்டில் லீனத் என்று எழுதினார்.

குழந்தை பிறந்த எட்டாம் நாள் தேர்தல்.

வஜீர் முத்லக் மிகுந்த உற்சாகத்தில் இருந்தார். விதை போட்டால்தான் வாக்கு. நாட்டில் விதையே இல்லை. வாக்கு விழாவிட்டால் இருப்பவரே தொடரலாம் என்று விதி. ஜாடிகள் இரண்டையும் துடைத்து வைத்து, மக்கள் வெறுங்கையோடு வந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் முதல் வாக்கை அமீர் போட வேண்டும் என்பது வழக்கம். தம்பட்டம் முழங்கியது. அமீர் கஸ்வான் ஜாடியின் முன் வந்து கையை நீட்டினார். கொடுக்க யாரிடமும் விதை இல்லை. அரண்மனை விதைகளை எல்லாம் முந்தின நாள்தான் வஜீர் எச்சரிக்கையாக ஒட்டகங்களுக்கு வைத்திருந்தார். தம்பட்டம் தொடர்ந்து முழங்கியது. ஆயிரம் கண்கள் பார்த்தன. நீட்டிய கையை வெறுமனே மடக்குவது அமீருக்கு அழகா? அவர் தன் கழுத்துப் பையை அவிழ்த்து, பிறப்பு விதையை எடுத்து உயர்த்திக் காட்டி, வெள்ளை ஜாடியில் போட்டார்.

“என் பிறப்பையே இந்த நாட்டுக்குத் தருகிறேன்,” என்றார்.

அதைக் கேட்டபின் அதிகாரிகள் சும்மா நிற்க முடியுமா? வஜீர் போட்டார். பதிவாளர் போட்டார். தம்பட்டக்காரர்கள், சமையற்காரர்கள், ஒட்டகக்காரர்கள் எல்லாரும் முண்டியடித்துக்கொண்டு போட்டார்கள்.

கூட்டத்தில் முதலில் சிரித்தது ஜுவைரியாதான். குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வரிசையில் நின்றவள், “அட, நம்மகிட்டயும் இருக்கே,” என்றாள். தன் பையை அவிழ்த்தாள், கறுப்பு ஜாடியில் போட்டாள். உபைத் போட்டான். கால் முறிந்த இருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், அவர்களும் போட்டார்கள். பதினொரு குழந்தைகளின் தாய்மார்களும் போட்டார்கள். விதை கட்டியிருந்த சிறுபிள்ளைகள் முதல் கிழவர்கள் வரை ஊரே போட்டது. கறுப்பு ஜாடி நிரம்பி, விதைகள் மணலில் சிதறின.

“உம்புள்ளையோடதையும் போடு,” என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

ஜுவைரியா குழந்தையின் பையைக் கையால் மூடிக்கொண்டாள். “இது அவ குடிக்கிற தண்ணி. இது மட்டும் முடியாது.”

எண்ணவே தேவையில்லை என்பது தூரத்தில் இருந்தே தெரிந்தது. வஜீர் முத்லக்கின் முகம் வெளுத்திருந்தது. ஆனால் வஜீர்கள் வெளுத்த முகத்தோடும் யோசிப்பார்கள். ஒட்டகக்காரர்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டு மேடையேறினார்.

“பிறப்பு விதை இல்லாதவர் குடிமக்கள் அல்லர். வாக்களித்தவர் எவரிடமும் இப்போது பிறப்பு விதை இல்லை. குடிமக்கள் அல்லாதோர் போட்ட வாக்கு செல்லாது.” அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஒட்டகக்காரர்கள் விதிப்படி இரண்டு ஜாடிகளையும் கொட்டியிருந்தார்கள். தீர்ப்பை ஜீரணிக்கும் வேலை தொடங்கிவிட்டது. “பதிவாளரே, செல்லாதவர்களின் பெயர்களை அடித்துவிடுங்கள்.”

ஹர்பூஷ் அங்கேயே உட்கார்ந்து அடிக்கத் தொடங்கினார். மாலைவரை அடித்தார். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர் அல்லவா. கடைசியில் எழுந்து நின்றார்.

“அமீர் அவர்களே, வாக்களித்தவர் அனைவரையும் நீக்கியாயிற்று. முதலில் வாக்களித்தவர் முதலில். நீங்கள், வஜீர், நான்,” என்று தொடங்கி எல்லாப் பெயரையும் படித்தார். “பதிவேட்டில் எஞ்சியிருப்பவர் ஒருவர். லீனத், உபைத்தின் மகள், வயது எட்டு நாள். கிணற்று நீர் குடிமக்களுக்குச் சமபங்கு என்பதால், கிணறு முழுதும் அவருக்கு.”

மூன்று நாள் யாரும் எதுவும் செய்யவில்லை. மூன்று நாளும் எல்லாருமே விருந்தாளிகள். நான்காம் நாள் காலை உபைத் வீட்டு வாசலில் குடங்களோடு வரிசை நின்றது. கையில் தூங்கும் குழந்தையோடு ஜுவைரியா கிணற்றடிக்கு நடந்தாள், எல்லாரும் பின்னால் போனார்கள். பதினொரு குழந்தைகளின் தாய்மார்களை முதலில் அழைத்தாள். யாரிடமும் எதையும் கேட்காமல் நிரப்பச் சொன்னாள்.

நடுவில் பதிவாளர் ஹர்பூஷ் குடத்தோடு வந்து நின்றார். உதடு வெடித்திருந்தது.

“விதை எங்கே?” என்று கேட்டாள் ஜுவைரியா.

அவர் பதிவேட்டைத் திறந்து பார்த்தார். பிறகு மூடினார். “இல்லை,” என்றார். அவர் வாழ்க்கையில் எழுதாமல் சொன்ன முதல் உண்மை அதுவாகத்தான் இருக்கும்.

“புடிச்சிட்டுப் போங்க,” என்றாள். “நாளைக்கும் கேப்பேன்.”

அவருக்குப் பின்னால் வஜீர் நின்றார். வஜீருக்குப் பின்னால், முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு ஒருவர். காலணியில் தங்க நூல் வேலை தெரிந்தது. யாரும் கவனிக்காததுபோல் நின்றார்கள். வரிசை மெல்ல நகர்ந்தது. முக்காடு போட்டவர் வெகுநேரம் பொறுமையாக இருந்தார். பிறகு பின்னால் நின்றவர்களின் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கினார்.

“இந்த வரிசை எவ்வளவு அநியாயம் பாருங்கள். பச்சைக் குழந்தைக்கு ஒரு கிணறா? எனக்கு மட்டும் ஒரு வாய்ப்பு கிடைத்தால், வீட்டுக்கு ஒரு கிணறு வெட்டித் தருவேன். விதையுள்ள பழமும் தருவேன்.”

கால் முறிந்தவன் ஒருவன் குடத்தின்மேல் சாய்ந்தபடி அதைக் கேட்டான். பிறகு மெதுவாகத் தலையாட்டினான்.

ஜுவைரியா அதைப் பார்த்துவிட்டாள். குழந்தையின் கழுத்துப் பையை உள்பக்கமாகத் தள்ளி, முடிச்சை இன்னொரு முறை இறுக்கிக் கட்டினாள்.